கடல் இல்லாத ஊரில் நல்ல மீன்: மதுரைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ மதுரைக்கு வந்து சேர்கிறவர்கள், அதிலும் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கரையோர ஊர்க்காரர்கள், முதல் மாதத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இங்கே மட்டன் சாப்பிடலாம், மீன் சரிவராது என்பது அந்த முடிவு. எங்கோ ஓர் ஓட்டலில் வஞ்சிர வறுவல் கேட்டு, சிவப்புப் பொடி அப்பிய வறண்ட துண்டு ஒன்றைத் தின்றுவிட்டு அப்படிச் சொல்கிறார்கள். வஞ்சிரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் இந்த ஊரின் மீன் கண்மாயில் இருக்கிறது. மதுரை, மேலூர், சிவகங்கை, விருதுநகர் என்று சுற்றிலும் எத்தனையோ கண்மாய்கள். மழை பெய்து அவை நிறைந்தால் இங்கே கிடைக்கிற மீன் சாப்பாட்டைக் கடற்கரை ஊர்கள் தர முடியாது.

ஆகவே கடையைத் தேடுமுன் இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். எந்தத் தண்ணீர் மீன் வேண்டும், இது எந்த மாதம். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் எந்தக் கடை என்பது தானாகவே பாதி முடிவாகிவிடும்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்து, கண்மாய்கள் பெருகி மறுகால் பாயத் தொடங்கினால் அயிரை என்கிற பொடி மீனுக்கு நல்ல காலம். கார்த்திகை, மார்கழி, தை வரைக்கும் அது ஓடும். பங்குனிக்கு மேல் தண்ணீர் வற்ற வற்ற விரால், கெண்டை, குரவை, கெளுத்தி எல்லாம் கரைக்கு வரும். மழை பொய்த்த வருஷத்தில் இந்தக் கணக்கு மாறும். அப்போது அயிரை குறைவாகவும் விலை கூடுதலாகவும்தான் இருக்கும்.

கடல் மீனுக்கு வேறு கணக்கு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம் அது. ராமேஸ்வரம், மண்டபம், தூத்துக்குடி என்று மதுரைக்கு மீன் அனுப்பும் கரைகள் எல்லாம் இதில் அடங்கும். நாட்டுப்படகுகள் கொண்டுவருவது கொஞ்சம்தான், அதுவும் கரையிலேயே விலை போய்விடும். அந்த மாதங்களில் மதுரைக் கடைகளில் காணும் கடல் மீனில் பெரும்பகுதி கேரளக் கரையில் இருந்து வருவது. கேரளத்திலும் ஜூன் 9 நள்ளிரவில் இழுவலைத் தடை தொடங்கி ஜூலை 31 வரை நீடிக்கிறது. ஆக ஜூன் இரண்டாவது வாரத்தில் சில நாட்கள் இரண்டு பக்கமும் கதவு மூடியிருக்கும். அந்த வாரம் கடல் மீன் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மீனாட்சி கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் பெரும்பாலும் தடைக்காலத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. வெளியூரில் இருந்து வந்த உறவினர்களைக் கூட்டிக்கொண்டு வஞ்சிரம் தேடி அலைவதைவிட, விரால் குழம்போ சிலேபி மீன் வறுவலோ வாங்கிக் கொடுங்கள். கண்மாய் வற்றுகிற காலம் என்பதால் அவை அப்போது நன்றாக வரும்.

புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சி சாப்பிடாது. கடைகளில் இடம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் சமைக்கிற அளவையும் குறைத்துவிடுவார்கள். போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் ஒரு மணிக்கு எந்தப் பிரபலமான மெஸ்ஸுக்கும் போகாதீர்கள். ஒரு மாதம் வாயைக் கட்டியவர்கள் எல்லாம் அன்றைக்கு அங்கேதான் இருப்பார்கள்.

அயிரையில் தொடங்குங்கள்

மதுரையில் ஒரே ஒரு மீன்தான் சாப்பிட முடியும் என்றால் அயிரை சாப்பிடுங்கள். பெரியவர் சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. மங்கிய மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள், வாயோரம் சின்ன மீசை. கண்மாய் அடியில் மணலிலும் சேற்றிலும் புதைந்து கிடப்பதால் வயிற்றுக்குள் மண் இருக்கும். இவ்வளவு சின்ன மீனைக் கீறிக் குடலெடுக்க வழியில்லை. அதனால் உயிரோடு இருக்கும்போதே மண்ணைக் கக்க வைத்துவிடுகிறார்கள்.

அதைச் செய்யும் விதத்தை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால், ஏன் இந்த மீனுக்கு இந்த விலை என்று கேட்க மாட்டீர்கள். முதலில் நல்ல தண்ணீரில் விட்டு, அதில் கொஞ்சம் பாலோ தேங்காய்ப்பாலோ ஊற்றி வைப்பார்கள். மீன் அதைக் குடித்து வயிற்றில் உள்ளதை வெளியேற்றும். தண்ணீர் கலங்கக் கலங்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு உள்பக்கம் சொரசொரப்பான மண்சட்டியில் போட்டு, கல்லுப்பை அள்ளித் தூவி, உடனே தட்டு போட்டு மூடுவார்கள். மூடாவிட்டால் துள்ளி அடுப்படி முழுக்கச் சிதறும். உள்ளே படபடவென்று அடிக்கிற சத்தம் அடங்கியதும் தட்டை எடுத்துவிட்டு, சட்டியின் சுவரோடு சேர்த்து உள்ளங்கையால் உரசி உரசித் தேய்ப்பார்கள். வழுவழுப்பு எல்லாம் வெள்ளை நுரையாகப் பொங்கி வரும். நுரை நின்று, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். கிலோ அயிரை கழுவி முடிக்க ஒரு ஆளுக்கு நல்ல பொழுது பிடிக்கும்.

இதில் அவசரப்பட்டால் சாப்பிடும்போது பல்லில் நறநறவென்று மண் படும். மண் பட்டால் அந்தக் கடைக்கு அயிரைக்காக மறுபடி போகாதீர்கள், மசாலா எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

குழம்பு நல்லெண்ணெயில் ஆரம்பிக்கும். வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், கெட்டியாகக் கரைத்த புளி. கொதித்து எண்ணெய் மேலே மிதந்த பிறகுதான் மீனைச் சேர்ப்பார்கள். சில நிமிஷத்தில் வெந்துவிடும். அதற்கப்புறம் கரண்டி போடக் கூடாது, மீன் உடைந்து போகும். சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கி வைப்பார்கள். சில வீடுகளில் மாங்காய் போடுவார்கள், சில வீடுகளில் கடைசியில் தேங்காய் அரைத்து ஊற்றுவார்கள். தேங்காய் இல்லாத புளிக்குழம்புதான் எனக்குப் பிடித்தது. அதில்தான் மீனின் ருசி மறையாமல் தெரிகிறது.

சாப்பிடும் முறைக்கு வருவோம். அயிரையில் முள் பொறுக்க வேண்டியதில்லை. தலையோடு அப்படியே வாயில் போட்டு மெல்ல வேண்டியதுதான், முள் மெத்தென்று கரைந்துவிடும். முதல் கவளத்தில் லேசான கசப்பு தெரியும். முழு மீனாகச் சமைப்பதால் வருகிற கசப்பு அது, கெட்டுப்போன ருசி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது கவளத்தில் அதுவே தேவைப்பட ஆரம்பிக்கும். சோற்றில் குழம்பைக் கொட்டிக் குழைக்காமல், ஓரமாகக் கொஞ்சம் விட்டு, பிடிப் பிடியாகப் பிசைந்து சாப்பிடுங்கள். மற்ற குழம்புகளை வாங்குமுன் இதை முடித்துவிடுவது நல்லது. மட்டன் குழம்பு பட்ட இலையில் அயிரை எடுபடாது.

விலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உயிருள்ள அயிரை சந்தையிலேயே கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும், வரத்துக் குறைந்தால் இன்னும் ஏறும். மெஸ்ஸில் ஒரு சின்னக் கிண்ணம், சாப்பாட்டைவிட அதிகமாகவே வரும். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நாலு பேர் போனால் இரண்டு கிண்ணம் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

தல்லாகுளத்துக்குப் போங்கள்

பெரியார் பஸ் நிலையத்தில் இருந்தோ ரயில் நிலையத்தில் இருந்தோ வருவதானால் வைகையைத் தாண்டி வடகரைக்கு வர வேண்டும். 1889இல் திறந்த ஏ.வி. பாலத்தைக் கடந்தால் கோரிப்பாளையம், அதைத் தாண்டித் தமுக்கம் மைதானம், அதை ஒட்டித் தல்லாகுளம். அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் மூன்றுமே இந்தப் பகுதியில் பெயர் வாங்கியவை. அம்மா மெஸ் அழகர்கோவில் சாலையில் இருக்கிறது. அயிரைக்கு முதலில் சந்திரன் மெஸ்ஸுக்கும் அம்மா மெஸ்ஸுக்கும் போய்ப் பாருங்கள். குமார் மெஸ்ஸில் நண்டு ஆம்லெட் கேளுங்கள். நண்டின் சதையை உதிர்த்து முட்டையில் அடித்துப் போடுவது, ஓடு உடைக்கத் தெரியாதவர்களும் நண்டு சாப்பிட அதைவிட நல்ல வழி கிடையாது.

இந்த மூன்றோடு நின்றுவிடாதீர்கள். ஆஸ்பத்திரி, கோர்ட், கலெக்டர் ஆபீஸ் என்று அரசாங்க வேலையாக ஆட்கள் புழங்கும் இடங்களைச் சுற்றிப் பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லாத மெஸ்கள் இருக்கின்றன. வாடிக்கையாளர்கள் தினசரி வருகிறவர்கள் என்பதால் அங்கே நேற்றைய மீனை இன்று தள்ள முடியாது. மதியம் பன்னிரண்டரைக்கு ஆட்டோக்காரர்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற மெஸ்ஸைக் கண்டால் தைரியமாக நுழையலாம்.

நேரம் முக்கியம். மதியம் பன்னிரண்டரையில் இருந்து ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். அயிரையை அளவாகத்தான் சமைப்பார்கள். இரண்டரைக்குப் போனால் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. இரவு உணவுக்கு அயிரை தேடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

உட்கார்ந்ததும் சர்வர் ஒரு பெரிய தட்டில் அன்றைய தொடுகறிகள் அத்தனையையும் கிண்ணம் கிண்ணமாக அடுக்கி எடுத்துவந்து உங்கள் முன்னால் நீட்டுவார். சுக்கா, ஈரல், குடல், காடை, நண்டு, இறால், மீன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். இது மதுரை மெஸ்களின் வழக்கம். புதிதாக வருகிறவர்கள் இந்தத் தட்டைப் பார்த்து மிரண்டு நாலைந்தை எடுத்துவிடுகிறார்கள், கடைசியில் பில் பார்த்து முகம் மாறுகிறது. தட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. சாப்பாட்டோடு சேர்ந்து வருவது சோறு, பொரியல், ரசம், மோர், ஊற்றிக்கொள்கிற குழம்பு வகைகள். பெரும்பாலான இடங்களில் மட்டன் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, நண்டுக் குழம்பு எல்லாம் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அயிரை மட்டும் தனி.

கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள். “அண்ணே, அயிரை இன்னைக்கு வந்ததா?” என்றால், “ஆமாண்ணே, காலைல உயிரோட வந்துச்சு, இப்பத்தான் எறக்குனோம்” என்பார், அல்லது “இன்னைக்கு வேணாம்ணே, விரால் நல்லா இருக்கு” என்பார். இரண்டாவது பதிலைச் சொல்கிற சர்வரை முகம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை போகும்போது அவர் வரிசையிலேயே உட்காருங்கள். இந்த ஊரில் நல்ல சாப்பாடு கிடைப்பதில் பாதி அப்படிப்பட்ட ஆளைத் தெரிந்துவைத்திருப்பதில்தான் இருக்கிறது.

மீன் வறுவல் கேட்பதாக இருந்தால், தட்டில் உள்ள ஆறிய துண்டை எடுக்காமல் “கல்லுல போட்டுக் குடுங்க” என்று சொல்லுங்கள். மசாலா தடவிய பச்சைத் துண்டைக் காட்டச் சொல்லலாம், அதில் தவறில்லை. வறுத்த துண்டைப் பிட்டால் சதை பெரிய இதழ்களாகப் பிரிந்து ஈரம் தெரிய வேண்டும். மாவுபோல உதிர்ந்தாலும், எலும்பை ஒட்டிய இடம் கறுத்திருந்தாலும், பலநாள் ஐஸில் கிடந்தது அல்லது இரண்டாவது தடவை எண்ணெயைப் பார்த்தது.

விரால், கெண்டை, சிலேபி

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு விராலைவிட நல்ல மீன் இல்லை. முள் குறைவு, நடு முள்ளை எடுத்துவிட்டால் சதை மட்டும்தான். காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடிய மீன் என்பதால் தண்ணீருக்கு வெளியிலும் நெடுநேரம் உயிரோடு இருக்கும். அதனால் சந்தையில் உயிரோடுதான் விற்பார்கள். வெட்டி வைத்த விரால் துண்டை வாங்காதீர்கள். மத்திய அரசு வளர்ப்புக்குத் தடை விதித்திருக்கிற ஆப்பிரிக்கக் கெளிறு, தேளி விரால் என்ற பெயரில் இன்னமும் அங்கங்கே விற்பனைக்கு வருகிறது. வெட்டிப் போட்டால் புதியவர்களுக்கு அடையாளம் தெரியாது. முழு மீனாகப் பார்த்தால் ஏமாறவே முடியாது. கெளிற்றுக்கு வாயைச் சுற்றி நீளமான மீசை உண்டு, உடம்பில் செதில் இல்லை. விராலுக்கு மீசை கிடையாது, தலை வரைக்கும் செதில் இருக்கும்.

கட்லா, ரோகு, மிர்கால் என்று கெண்டை வகைகள் வருஷம் முழுக்கக் கிடைக்கும், விலையும் தாங்கும். இரண்டாகப் பிளந்த பொடி முள் சதைக்குள் நிறைய இருக்கும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் வயிற்றுப் பக்கத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

சிலேபி என்கிற ஜிலேபிக் கெண்டை இந்த மண்ணின் மீன் கிடையாது. ஆப்பிரிக்க இனம், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்றைக்கு எந்தக் கண்மாயில் வலை போட்டாலும் அதுதான் முதலில் ஏறுகிறது. மற்ற மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் சூடாக வறுத்துச் சாப்பிட அருமையான மீன் என்பதை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். அதற்குச் சரியான இடம் வைகை அணை. 1959இல் திறந்த அணை, 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம், தேனி மாவட்டம் ஆண்டிபட்டிக்குப் பக்கம். மதுரையில் இருந்து உசிலம்பட்டி வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். 2022இல் இருந்து மதுரை - தேனி அகல ரயில்பாதையும் ஓடுவதால் ஆண்டிபட்டியில் இறங்கியும் போகலாம். அணையை ஒட்டிய கடைகளில் மீனை முழுசாகக் கீறி மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் காட்டுகிற மீனை எடுத்து வறுத்துத் தருவார்கள். எண்ணெய்ச் சட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்காருங்கள். எண்ணெய் கறுத்துப் புகை வந்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம்.

கண்மாய் மீனைப் பற்றிக் கரையோரக்காரர்கள் சொல்லும் முக்கியமான குறை மண்வாடை. அந்த வாடைக்குக் காரணம் சேறு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அதற்குக் காரணம். மீனின் கொழுப்பில் அது தங்கிவிடும். புளிப்பு பட்டால் அது சிதைந்துபோகும். நம் ஊர்க் குழம்பில் இவ்வளவு புளி சேர்ப்பதும், வறுக்குமுன் எலுமிச்சை பிழிவதும், மோரில் அலசுவதும் இதற்கு நன்றாக உதவுகின்றன. வாடை பிடிக்காதவர்கள் முதலில் குழம்பாகச் சாப்பிட்டுப் பழகிவிட்டு அப்புறம் வறுவலுக்கு வாருங்கள்.

கோடையில் மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, நத்தம் பக்கம் யாராவது நண்பர்கள் இருந்தால் அவர்களிடம் மீன்பிடித் திருவிழா எப்போது என்று கேட்டு வையுங்கள். கண்மாய் வற்றும் சமயத்தில் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அந்த நொடியில் நூற்றுக்கணக்கான பேர் ஊத்தா, கச்சா, வலையோடு தண்ணீருக்குள் பாய்வார்கள். அன்றைக்குப் பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில்தான் சமைக்க வேண்டும் என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. அதனால் அங்கே விலைக்கு மீன் கேட்காதீர்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். சாணம் மெழுகிய வாசலில் சாம்பல் போட்டு உரசிய விரால், விறகடுப்பில் கொதித்து இறங்குகிற அன்றைய குழம்பு எந்த மெஸ்ஸிலும் கிடைக்காது.

கடல் மீன்தான் வேண்டும் என்றால்

ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர், தூத்துக்குடி சுமார் 150. தூரம் பெரிய தடை இல்லை. அன்று மாலை தூத்துக்குடியில் இறங்கிய மீன் மறுநாள் விடியுமுன் மாட்டுத்தாவணி மொத்தச் சந்தைக்கு வந்துவிட முடியும். படகு என்றைக்குப் போனது என்பதுதான் கேள்வி. தூத்துக்குடியில் ஞாயிறு ஓய்வு நாள். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் சில நாட்கள்தான் கடலுக்குப் போகின்றன. ஆகவே திங்கட்கிழமை மதுரையில் கடல் மீனை நம்பி விருந்து வைக்காதீர்கள். வாரக் கடைசியில் கேளுங்கள்.

பெரிய மீன்களைவிடச் சின்ன மீன்களில் ஏமாற்றம் குறைவு. நெத்திலி, சாளை, காரல் எல்லாம் பழசானால் வயிறு வெடித்துத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வஞ்சிரத்தை எத்தனை நாள் ஐஸில் வைத்தாலும் துண்டு போட்டு மசாலா தடவினால் பார்வைக்குத் தெரியாது. இன்னொன்று, சென்னையில் சீலா என்று விற்கும் மீன் வேறு. இங்கே தென்கரை வழக்கில் சீலா என்றால் வஞ்சிரம். விலையைக் கேட்டுப் பதறாதீர்கள்.

சந்தையில் நீங்களே வாங்கிச் சமைப்பதானால் கரிமேடு மீன் மார்க்கெட்டுக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். நெல்பேட்டையிலும் கடைகள் உண்டு. கண் உப்பலாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும், செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும், விரலால் அழுத்திய பள்ளம் உடனே எழ வேண்டும். செவுள் சிவப்பாக இருந்தும் மீன் வாடையே இல்லாமல் மூக்கில் மருந்து நெடி ஏறினால் வாங்காமல் வந்துவிடுங்கள். விற்கிற அக்காமார்களிடம் “வறுக்கவா, குழம்புக்கா” என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் அதற்கேற்ற மீனை எடுத்துக்கொடுத்து, அதற்கேற்ற கனத்தில் வெட்டியும் வாங்கித் தருவார்கள். வெட்டுக்கூலி தனி.

சுஷி கேட்பவர்களுக்கு

கடற்கரை நகரங்களில் சில காலம் இருந்துவிட்டு வருகிற இளைஞர்கள் இப்போது, சோற்றோடு பச்சை மீனை வைத்துத் தரும் ஜப்பானிய உணவான சுஷி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். பச்சை மீனை அப்படிச் சாப்பிடுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. புழுக்கள் சாவதற்காக மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைப்பது, கரையில் இருந்து தட்டு வரைக்கும் குளிர் விட்டுப்போகாமல் கொண்டுவருவது எல்லாம் அதில் அடக்கம். அந்தக் குளிர்ச்சங்கிலியைப் பற்றி விளக்கமாகப் பதில் சொல்லத் தெரிந்த கடை என்றால் சாப்பிடுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், வேகவைத்த இறாலோ வெள்ளரியோ வைத்து உருட்டியதை மட்டும் கேளுங்கள். வினிகர் கலந்த சோறும் கடற்பாசித் தாளும் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

புதிதாக வாங்கியதுதானே என்று சந்தை மீனை வீட்டில் பச்சையாக நறுக்கிச் சாப்பிடும் யோசனை மட்டும் வேண்டாம். கண்மாய் மீனில் அது மிக ஆபத்து. விரால் போன்ற நன்னீர் மீன்களில் உள்ள ஒருவகைப் புழு மனித உடம்புக்குள் தோலடியில் ஊர்ந்து திரியும், கண்ணையும் மூளையையும்கூடத் தாக்கும். பச்சையாகவும் அரைவேக்காட்டிலும் அத்தகைய மீனைச் சாப்பிடும் தாய்லாந்தில் இந்த நோய் நெடுங்காலமாக உண்டு. நன்றாகக் கொதிக்கிற குழம்பில் அந்தப் புழு பிழைக்காது.

பார்சல் கட்டும்போது

மெஸ்ஸில் அயிரைக் குழம்பு பார்சல் கேட்டால் கொடுப்பார்கள். வாங்குமுன் தேங்காய் சேர்த்ததா என்று கேளுங்கள். தேங்காய் சேர்த்த குழம்பு மதுரை வெயிலில் சாயங்காலத்துக்குள் புளித்துப்போகும், அதை ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம். வெறும் புளிக்குழம்பு என்றால் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் எடுத்துப் போகலாம். பிளாஸ்டிக் பையில் சூடாக ஊற்ற விடாமல், எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் வாங்குங்கள். தங்கியிருக்கும் இடத்தில் அடுப்பு இருந்தால் கிளம்புமுன் ஒரு கொதி விட்டு, முழுக்க ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி தண்ணீராகிக் கெட்டுவிடும். காலையில் வீடு போனதும் தண்ணீர் சேர்க்காமல் மறுபடி ஒரு கொதி. கரண்டி போடாமல் சட்டியைச் சுற்றி இறக்குங்கள். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம்.